சிங்கத்தின் இரண்டாவது வால்

என் புருஷன் பிரிபிக், குட்னா ஹோரா என்கிற வெள்ளிச் சுரங்க ஊரில், ராஜாவின் நாணயச்சாலையில் அச்சுப் பிடித்தவர். வெள்ளித் துண்டின் மேல் இவர் அச்சை நிறுத்திப் பிடிப்பார், எதிரே நிற்பவன் சம்மட்டியால் ஓங்கி அடிப்பான். காசின் ஒரு பக்கம் கிரீடம், மறுபக்கம் ராஜாவின் இரட்டைவால் சிங்கம். அடிக்கிறவன் மொடாக்குடியன். கல்யாணமான புதிதிலேயே இவருக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று. மிச்ச விரல்கள் தப்ப ஒரே வழி, அச்சு வெட்டுகிற வேலைக்கு மாறுவது.

பழைய அச்சுவெட்டி செத்ததும், "நான் வெட்டிக் காட்டுறேன்" என்று போய் நின்றார். நாணயச்சாலைத் தலைவர் ஓர் இரும்புக் கட்டையைக் கொடுத்தார். கெடுத்தால் மறுபடி சம்மட்டிக்கு அடியில்தான் கை.

ஒரு காசைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே செதுக்கினார். உறுமுகிற மாதிரி இருந்தது சிங்கம். சோதனைக்கு முந்தின நாள் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்த நான், கை சும்மா இராமல் அச்சை எடுத்து மாவில் அழுத்தினேன்.

"யோவ், இங்க வாய்யா. உன் சிங்கம் எந்தப் பக்கம் பாக்குது?"

"எடது பக்கம்டி. காசுல இருக்கிற மாதிரியே."

"அச்சுல எடதுதான். மாவுல வலது பக்கம் திரும்பிடுச்சே! சண்டைய விட்டு ஓடுற சிங்கம்னு ஊரே சிரிக்கும்."

தினமும் அச்சைப் பிடித்த மனிதர், ஒரு நாளாவது அதன் அடியைப் பார்த்திருந்தால்தானே!

"இப்ப என்னடி பண்றது?"

"என்னைக் கேட்டா? அரத்தை எடு, தேய்."

எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் பார்க்க வேறு சிங்கம் வெட்டினார். அவசரமோ அவசரம்.

மறுநாள் பீர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். தடுக்க எவனுக்கும் தைரியம் இல்லை. ஈயத் தகட்டில் அடித்துப் பார்த்தார்கள். சிங்கம் சரியான பக்கம்தான் பார்த்தது.

"ஏம்ப்பா, ராஜாவோட சிங்கத்துக்கு ரெண்டு வாலு. இன்னொன்னை எலி தின்னுடுச்சா?" என்றார் தலைவர்.

"இப்ப மொளைக்கும், ஐயா."

உளியை எடுத்து, நின்றபடியே நாலு தட்டு தட்டினார் இவர். மறுபடி அடித்தார்கள். பன்றிக்குட்டி வால் மாதிரி சுருண்டு வந்தது இரண்டாவது வால்.

தலைவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"அசிங்கமா இருக்கு. ஆனா ரெண்டு வால் இருக்கு. உம் பொண்டாட்டி வேற என்னை மொறைக்கிறா. நாளைக்கே வந்து அச்சு வெட்டுற மேசையில உக்காரு. அடுத்த சிங்கத்துக்காவது வாலை ஒழுங்கா வை."

சாகும்வரை அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். எட்டு விரலும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. உட்கார்ந்தே தின்றதில் வளர்ந்த வயிற்றுக்குப் பலகை பற்றவில்லை என்று, சவப்பெட்டி செய்த தச்சன்தான் என்னிடம் சண்டைக்கு வந்தான்.