மட்டக்கம்பு வைத்து அளந்த ஜன்னல்

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஆறு பெற்றேன், ஐந்தை வளர்த்து ஆளாக்கினேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். அதனால் எழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மற்றவர்கள் எழுதுகிற அனுபவங்களைப் பேத்தி வாசித்துக் காட்டும்போதெல்லாம், நம்மிடமும் ஒன்று இருக்கிறதே என்று நினைப்பேன். எட்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினது இது.

நடந்தது ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு இரண்டு மூன்று வருசம் முந்தி, கம்பெனிக்காரர்கள் காலம்.

எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். எங்களுடையது ஏழாவது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டின சுவர், தகரக் கூரை. முன்பக்கம் ஒரு கதவு, அதை விட்டால் காற்றுக்கு வேறு வழி கிடையாது. அடுப்பு உள்ளே, பின்சுவர் மூலையில். மூட்டினால் புகை மேலே போய்த் தகரத்தில் முட்டி, திரும்பி எங்கள் தலையிலேயே இறங்கும். துவைத்த சீலை கட்டினாலும் அரை மணி நேரத்தில் புகை வாடை வந்துவிடும்.

என் முதல் பையன் இழுப்பு வந்து பத்து மாசத்தில் போய்விட்டான். அதைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். அதற்குப் பிறகு பெண் ஒன்று, பையன் ஒன்று, அடுத்து மறுபடி ஒரு பெண். மூன்றாவதாகத் தங்கின இந்தப் பெண்ணுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது ஒரு நாள் அடுப்பு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் நெஞ்சிலிருந்து கீச் கீச்சென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

தோட்டத்து மருந்துக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். தண்ணி மருந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"மருந்து நான் குடுப்பேன் பிள்ளை. பொகையில போட்டு வச்சிருந்தா மருந்து என்ன செய்யும்?"

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். பின்சுவரில் ஒரு ஜன்னல் வேண்டும்.

லயம் தோட்டத்துச் சொத்து. ஆபீசைக் கேட்காமல் கை வைக்கக்கூடாது. கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். "பாப்போம், தொரைகிட்ட சொல்றேன்" என்றார். தொரை என்றால் தோட்டத்தை நடத்துகிற மேனேஜர். ஒரு மாசம் கழித்து மறுபடி கேட்டேன். "உனக்கு ஒண்ணு குடுத்தா பன்னெண்டு பேரும் வந்து நிப்பீங்க. போ போ, கூடைய எடு" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் அப்போது சவுக்கு மரம் கிளை வெட்டும்போது விழுந்து கால் முறிந்து, கம்பு ஊன்றி நடந்துகொண்டிருந்தார். நான்தான் கொழுந்து பறிக்க மலைக்குப் போய் வந்தேன். வயிற்றில் அடுத்தது ஐந்து மாசம். மாமி, எங்கள் வீட்டுக்காரரின் அம்மா, என்னோடுதான் இருந்தார்கள். நான் சுவரை இடிக்க அலவாங்கை எடுத்ததைப் பார்த்ததும் மாமி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல செவுத்துல ஒரு ஆணி அடிக்க மாட்டாங்க. நீ செவுத்தையே இடிக்கப் போறியா?"

"வயித்துல இருக்கிறதுக்குப் பயந்துகிட்டு, தரையில மூச்சு முட்டுறத விட்டுற முடியுமா மாமி?"

மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தார்கள். அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

வேலையெல்லாம் பின்பக்கத்திலிருந்துதான். உள்ளே இருந்து இடித்தால் மண் சோற்றில் விழும், பிள்ளைகள் மேலே விழும். லயத்துக்கும் பின்னால் இருக்கிற மேட்டுக்கும் நடுவில் மழைத்தண்ணிக் காண் ஒன்று ஓடும், அதில் ஒரு கால், மேட்டில் ஒரு கால் வைத்து நிற்பேன். உள்பக்கம் என் பழைய படங்கை, மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற சாக்கை, திரை மாதிரித் தொங்கவிட்டேன். நாலரைக்குக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, பீலியில் தண்ணீர் எடுத்து, பிள்ளைகளைக் கழுவி, உலை வைத்துவிட்டு, இருட்டுகிறதற்குள் ஒரு கல், இரண்டு கல். சில நாள் ஒன்றுமே ஆகாது. ஒரு நாள் பெரிய பெண்ணுக்குக் காய்ச்சல், ஒரு நாள் பையன் கையில் குளவி. வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கித்துள் மரத் துண்டைச் செதுக்கிக் கொடுத்தார். மேல் கல்லைத் தாங்க அதை முதலில் செருகி, அதற்குக் கீழேதான் ஓட்டை.

மட்டம் பார்க்க என்ன செய்தேன் தெரியுமா? கொழுந்து பறிக்கிற எங்களிடம் நீளமாக ஒரு மட்டக்கம்பு இருக்கும். செடி மேலே அதைப் படுக்க வைத்து, அதற்கு மேலே தலை நீட்டுகிறதைத்தான் பறிப்போம். மலை முழுக்க ஒரே சீராக இருப்பது அதனால்தான். என் மலைக்கு மட்டம் தப்பாது என்று கங்காணியே சொல்வார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கம்பையே சுவரில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துக் கோடு கிழித்தேன். மேல் கட்டையும் கீழ்ப்படியும் அந்தக் கோட்டில்தான் வைத்தேன்.

இரண்டு வாரத்தில் முடிந்தது. ஒரு சனிக்கிழமை காலை, மலைக்குப் போவதற்கு முன்னால், பெருமையாக உள்ளே வந்து படங்கை இழுத்தேன். வெளிச்சம் வந்து விழுந்தது. வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

"ஏ புள்ள, ஜன்னல் எங்க, பள்ளத்துக்கு எறங்குதா?"

அப்படியே சாய்ந்து கிடந்தது. ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் நாலு விரல் கீழே. பக்கத்துக் காம்பரா மதினி எட்டிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் இஸ்தோப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டாள். "நல்லாத்தான் இருக்கு மதினி, நம்மதான் சாஞ்சு நிக்கணும்" என்றாள்.

எப்படி ஆயிற்று என்று எனக்கு விளங்கவேயில்லை. வெளியே ஓடிப் போய்ப் பார்த்தேன். அங்கே நேராகத்தான் இருந்தது! சரி, கோணலோ நேரோ, புகை போகிறதே. அடுப்பு மூட்டினதும் புகை பிடித்துத் தள்ளின மாதிரி வெளியே போனது. அதுவே போதும் என்று மலைக்குப் போய்விட்டேன்.

அந்தப் புகைதான் காட்டிக் கொடுத்தது. மேல் ரோட்டில் போன கணக்கப்பிள்ளை, லயத்தின் முதுகில் புகை கிளம்புவதைப் பார்த்துவிட்டு நேரே ஆபீசுக்குப் போயிருக்கிறார். பத்து மணிக்குள் உத்தரவு வந்துவிட்டது: ஓட்டையை உடனே கல் வைத்து மூட வேண்டும். திங்கட்கிழமை தொரையே வந்து பார்ப்பார்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் ஓடி வரும்போது, கல் வேலை செய்கிற மேசன் பாஸ் ஏற்கெனவே வந்து ஜன்னல் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நாவுலப் பக்கத்துச் சிங்கள ஆள். தோட்டத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான், எங்களுக்குப் பழக்கமில்லை. என் வயதுதான் இருக்கும். கரண்டியும் கையுமாக நின்றவர், யார் இதைச் செய்தது என்று சிங்களத்தில் கேட்டார். நான்தான் என்றேன். புருசன் இல்லையா என்றார். இருக்கிறார், கால்தான் இல்லை என்றேன். சிரித்துவிட்டார்.

பிறகு கித்துள் கட்டையைத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"நங்கி, இதுக்குக் கீழே யார் படுக்கிறது?"

நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. மாமி மடியில் கிடந்த பிள்ளையைக் காட்டினேன். அந்த மூலைதான் குளிருக்குக் கதகதப்பு, அங்கேதான் படுக்க வைப்போம்.

கட்டை சாய்ந்திருப்பதால் மேல் கல் முழுக்க ஒரு பக்கம் வழுக்குகிறது, பெரிய மழை இரண்டு பெய்தால் போதும், கட்டையும் கல்லும் அப்படியே அந்த மூலையில் இறங்கும் என்றார். மூச்சு விடட்டும் என்று நான் திறந்த வழி, அந்தப் பிள்ளை மேலேயே விழப் பார்த்திருக்கிறது. மாமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பிள்ளையின் நெஞ்சு கீச் கீச்சென்று இழுப்பது எல்லோருக்கும் கேட்டது. பாஸ் கல்லை எடுக்கவில்லை. இரண்டு சவுக்குக் கம்பை வெட்டி வந்து, சுவர் இறங்காமல் முட்டுக்கொடுத்தார்.

"நாளைக்கு ஞாயிறு. எனக்கு லீவு. உனக்கும் லீவு. காலையில வர்றேன், சேறு குழைச்சு வை" என்றார்.

அவர் வருவாரா என்று எனக்கு நம்பிக்கையில்லை. வந்தார். எங்கள் வீட்டு மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கழுவச் சொல்லி, பாதிக்குத் தண்ணீர் விட்டு மூடி, கீழ்ப்படியில் படுக்க வைத்தார். தண்ணீர் ஓடிப் போய் ஒரு மூலையில் நின்றது.

"இதை எதை வச்சு அளந்தே?"

மட்டக்கம்பைக் காட்டினேன். அதை வாங்கிச் சுவரில் வைத்தார், பின்னால் இருந்த மலையைப் பார்த்தார், காண் ஓடுகிற சாய்வைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. சரிவில் கிடக்கிற மலையை, சரிவோடு சேர்த்துத்தான் நாங்கள் மட்டம் பார்ப்போம். பதினாறு வயதிலிருந்து என் கண்ணுக்கு மலையின் சாய்வுதான் நேர். ஜன்னலையும் மலைக்கு ஒத்தாற்போல வைத்துவிட்டேன்!

அன்று முழுக்க வேலை. நான் கல் வைக்க, அவர் போத்தல் வைக்க. அவரே வைத்திருக்கலாம், ஆனால் கரண்டியை என் கையில்தான் கொடுத்தார். நாலு தடவை எடுத்து நாலு தடவை வைத்தேன். கடைசியில் தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது வெளியே போய்ப் பார்த்துவிட்டு, "பாஸ், இப்பத்தான் கோணலா இருக்கு!" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

"தண்ணிக்கு மலை தெரியாது நங்கி" என்றார்.

வீட்டுக்காரர் தேயிலைப் பெட்டிப் பலகையில் சட்டமும் கதவும் செய்தார். மதினி சேறு மிதித்தாள். அவ்வளவு சிரித்தவள், முழங்கால் வரைக்கும் சேற்றோடு நின்றாள். மாமி எல்லோருக்கும் ரொட்டி சுட்டார்கள். சாயங்காலம் பாஸ் ஒரு கோப்பை தேயிலைச் சாயத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பினார். "மூடினா சுவர் தாங்காதுன்னு ஆபீசுல சொல்லிக்கிறேன். மிச்சம் உன் பாடு" என்றார்.

திங்கட்கிழமை தொரை வந்தார். என்னை மலையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். கூடையோடு வந்து வாசலில் நின்றேன். கணக்கப்பிள்ளை முகம் சிவந்து நிற்கிறார். தொரை குனிந்து உள்ளே போனார். லயத்துக் காம்பராவுக்குள் ஒரு தொரை காலை வைத்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. ஜன்னல் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அடுப்பைப் பார்த்தார். யார் கட்டினது என்று கேட்டார். கணக்கப்பிள்ளை பாஸைப் பார்த்தார். பாஸ் என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க தொரை. ரெண்டு தடவை கேட்டேன், பதில் இல்ல. பிள்ளைக்கு மூச்சு இல்லாமப் போச்சுன்னா அப்புறம் பதில் வந்து என்னங்க?"

வாயிலிருந்து வந்துவிட்டது. வேலை போச்சு, காம்பராவும் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனாலும் கூடையை இறக்கவில்லை. தொரை குனிந்து வெளியே வந்து ரோட்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டில், எல்லோர் முன்னாலும் என் பேரைக் கூப்பிட்டார்கள். உத்தரவில்லாமல் லயத்தில் கை வைத்ததற்கு மூன்று நாள் வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாது. அவ்வளவுதான். ஜன்னலை மூடச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. நான் காத்துக்கொண்டே நின்றேன். "என்ன நிக்கிறே, வீட்டுக்குப் போ" என்றார் கணக்கப்பிள்ளை.

போனேன். மூன்று நாள் பகல் முழுக்க எனக்கே எனக்கென்று கிடைத்தது கல்யாணம் ஆன பிறகு அதுதான் முதல் தடவை. முதல் நாள் உள்சுவர் முழுக்க மண் பூசினேன். இரண்டாம் நாள் தரையைக் கிண்டிச் சமப்படுத்தி, போத்தல் வைத்துப் பார்த்து, சாணி மெழுகினேன். மூன்றாம் நாள் சுண்ணாம்பு அடித்து, மிஞ்சின பலகையில் பிள்ளைகளின் துணிக்கு ஒரு தட்டு அடித்தேன். மலைக்குத் திரும்பிப் போனபோது கங்காணி, "தண்டனை குடுத்தா மொகம் மினுங்குதே" என்றார்.

அந்த வருசம் முடிவதற்குள் எங்கள் லயத்தில் இன்னும் ஐந்து ஜன்னல் வந்துவிட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் போத்தலை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். மட்டக்கம்பை ஒருத்தரையும் தொட விடவில்லை. வயிற்றில் இருந்ததும் குறையில்லாமல் பிறந்தது. மாமிதான் முதலில் ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினார்கள். மூன்றாவதுக்கு இழுப்பு ஒரேயடியாகப் போகவில்லை, குளிர் காலத்தில் எட்டிப் பார்க்கும். ஆனால் பிள்ளை தங்கிவிட்டது.

பாஸ் அடுத்த வருசமே வேறு வேலைக்குப் போய்விட்டார். தன் வேலைக்கே ஆபத்து என்று தெரிந்தும் ஏன் செய்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போன தைப்பொங்கலுக்கு அந்த லயத்துக்குப் போயிருந்தேன். இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. பின்பக்கம் போய் நின்று பார்த்தேன். ஜன்னல் அப்படியே இருக்கிறது. வெளியே நின்று பார்த்தால் இப்போதும் கோணலாகத்தான் தெரிகிறது. கோணல் மலையில்தான் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ பேர் என்னைப் படிக்காதவள் என்று சொன்னபோதும் நான் தலை குனியாமல் இருந்ததற்கு, ஒரு தடவை தப்பாக வைத்து, மறுபடி என் கையாலேயே நேராக வைத்த அந்தக் கல்தான் காரணம்.

பக்கத்தில் பேத்தி உட்கார்ந்திருக்கிறாள். அந்த மூன்றாவது பெண்ணின் மகள். இந்தா கண்ணு, முதலிலிருந்து ஒரு தடவை வாசி, கேட்கிறேன். எழுத்து எங்காவது கோணலாக இருந்தால் நேராக்கு. அந்த முதல் ஜன்னலின் கோணலை மட்டும் அப்படியே விட்டுவிடு.