நாற்பத்தொன்றாம் கன்றின் தாய்

திருவனந்தபுரத்தில் ஒரு பழ ஆராய்ச்சித் தோட்டத்தில் தண்ணீர் விடுகிற ஆள் நான். தினக்கூலி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலைப் பேப்பர் புதுக்குவார்கள். புதுக்காவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

அங்கே ஒரே பலாமரத்தின் கொட்டைகளிலிருந்து அறுபது கன்று வளர்த்தார்கள். பலாவை நாங்கள் சக்கை என்போம். கன்று காய்க்கப் பல வருடம் ஆகும். அதுவரை காத்திராமல், இலையின் மரபணுவைப் பார்த்தே பழம் கெட்டியான வருக்கையா, குழைகிற கூழனா என்று சொல்லிவிட வேண்டும். அந்தச் சோதனையைத்தான் தோட்டத்து விஞ்ஞானி மேடம் உண்டாக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் தோட்டத்தை ஒட்டிய வீட்டு ஆடு நாற்பத்தொன்றாம் நம்பரைத் தின்றுவிட்டது. நம்பர்த் தகடு மட்டும் மிச்சம். என் வீட்டுப் பின்னால், மனைவி வீசிய கொட்டையில் முளைத்த கன்று அதே உயரத்தில் நின்றது. கொண்டுவந்து நட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் மறந்துவிட்டது.

இலைகள் சோதனைக்குப் போயின. மேடம் கூப்பிட்டார்.

“அண்ணா, ஐம்பத்தொன்பதுக்கும் அம்மை ஒண்ணு, ஒரே தாய்மரம். நாற்பத்தொண்ணுக்கு மாத்திரம் வேற அம்மை. அதெப்படி?”

“ஆடு தின்னுட்டு மேடம். வீட்டுல தின்ன சக்கைக் கொட்டையில முளைச்சத வச்சேன்.”

வேலை போச்சு என்று நின்றேன்.

“வீட்டுல தின்ன சக்கை கூழனா?”

“கூழன்தான். முழங்கை வரைக்கும் வழிஞ்சுது.”

மேடம் மேசையைத் தட்டினார். “என் டெஸ்ட்டும் அதைத்தான் சொல்லிச்சு! ஒழுங்கா வளர்ந்த ஐம்பத்தொன்பதும் சாட்சியில்ல, அதுங்க அம்மை எதுன்னு எனக்கு முன்னமே தெரியும். நீங்க கள்ளத்தனமா வச்சதுதான் சாட்சி.”

ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை. கணினியில் ஒவ்வொரு கன்றுக்கும் தாய் என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் அடுத்த பக்கம் வராது. அது முடியாமல் என் பேப்பரும் நகராது.

“தாய்மரம் எங்க நிக்கி?” என்றார் கிளார்க்.

“சாலைச் சந்தையில வாங்கின பழம் சார். மரத்த நான் கண்டதில்ல.”

“கொட்டைய யாரு போட்டா?”

“வீட்டுக்காரி.”

தாய்க் கட்டத்தில் அவள் பேரை டைப் அடித்தார். அடுத்த பக்கம் வந்தது.

பேப்பர் புதுக்கிக் கிடைத்தது. வேலைதான் மாறிவிட்டது. தண்ணீர் வேண்டாம், நாற்பத்தொன்றின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஆட்டைப் பார்க்க வேண்டும். ஆடு தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும். நான் அதைப் பார்ப்பேன். அது கன்றைப் பார்க்கும்.

வீட்டில் சொன்னேன். மனைவி சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

“நான் அம்மையா? அப்போ அப்பன் கட்டத்துல ஒங்க பேரு உண்டா?”

“அது காலியா விட்டாலும் அடுத்த பக்கம் போவுமாம்.”

தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.