என் பெயரில் வந்த பாட்டு

எனக்குக் கிளப் டான்ஸ் பாட்டு பிடிக்கும். இந்த வயதில் அதை ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது? கதாநாயகி பாடும் தாலாட்டும் ஒப்பாரியும் எனக்கு வேண்டாம். வில்லனுடைய மேசையைச் சுற்றி ஒருத்தி ஆடிக்கொண்டே நடுவில் சிரிப்பாள், விக்குவாள், பின்னால் டிரம்பெட் அலறும். அந்தப் பாட்டுதான் வேண்டும். அதைக் காது கொடுத்துக் கேட்க எனக்குக் கற்றுக் கொடுத்தவர் என் கணவர். கற்றுக் கொடுக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அதற்கு விலையாகப் போனது என் மானம்.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் சிங்கப்பூரில் பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். பலகைத் தடுப்பு வைத்து ஐந்து அறை, ஐந்து குடும்பம், எல்லோருக்கும் ஒரே குழாய். ஓர் அறையில் தும்மினால் மற்ற நான்கு அறைக்கும் தெரியும். அவர் தமிழ்ப் பள்ளி ஆசிரியர், ஒரு தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளரும்கூட. நான் ஜொகூர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாலாம் வகுப்பு வரை படித்துவிட்டுக் கல்யாணமாகி வந்தவள். எனக்கென்று இருந்தது ஒரு தையல் மிஷின். வாரத்தில் மூன்று பிற்பகல் அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ரவிக்கை தைக்கக் கற்றுக்கொள்ள வருவார்கள். என்னையும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே மதியச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு அறையைக் கூட்டி வைத்துக் காத்திருப்பேன்.

எல்லா அறையிலும் சுவரில் கம்பி ரேடியோப் பெட்டி இருந்தது. சந்தா கட்டினால் ஆள் வந்து கம்பி இழுத்து மாட்டிவிட்டுப் போவான். ஞாயிறு பிற்பகலில் நேயர் விருப்பம். பெயரும் முகவரியும் சரியாக எழுதி அஞ்சலட்டை போட வேண்டும். முகவரி இல்லாத அட்டை குப்பைக் கூடைக்குப் போகும். அறிவிப்பாளர் பெயரை வாசிப்பார், தெருவை வாசிப்பார், ரசித்து நாலு வரி எழுதியிருந்தால் அதையும் வாசிப்பார். பாட்டைவிடப் பெயருக்காகக் காத்திருந்தவர்களே அதிகம். பிறந்து பத்து நாள் ஆன பிள்ளை பெயரிலும் ஊரில் இருக்கிற மாமியார் பெயரிலும்கூட அட்டை எழுதிப் போட்ட காலம் அது.

என் கணவருடைய சங்கத்துக்கு இந்தக் கிளப் பாட்டுகள் ஆகாது. தமிழ்க் குடும்பங்களைக் கெடுக்கிறது என்று தீர்மானம் போட்டார்கள். அந்த மாதிரிப் பாட்டு வந்தால் பெட்டியை அணைத்துவிட வேண்டும் என்று வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்தார்கள். எங்கள் வரிசைக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவரேதான்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டியில் என் பெயர் வந்தது. தெரு சரி, கதவு எண் சரி. நான் வடிகட்டியும் கையுமாக நின்றுவிட்டேன். அறிவிப்பாளர் நிதானமாக வாசித்தார்: “இந்தப் பாடகி பாடத் தொடங்கும் முன் ஒரு மூச்சு இழுக்கிறாரே, முழுப் பாட்டும் அதற்குள் இருக்கிறது. அடுப்படியில் நிற்கும் என்னை அந்த மூச்சு வாசல் வரை கொண்டுவந்து விடுகிறது.” பிறகு பாட்டு. ஊரெல்லாம் முகம் சுளித்த அந்தக் கிளப் பாட்டு.

“என்னங்க, இது யாரு என் பேர்ல?” என்று கேட்டேன்.

அவர் மேசையில் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. “எவனோ விஷமி. விடு.”

அடுத்த ஞாயிறும் வந்தது. மூன்றாவது ஞாயிறு வந்ததுதான் குடியைக் கெடுத்தது. “கணவர் வீட்டில் இல்லாத பிற்பகல்களில் இந்தக் குரல்தான் எனக்குத் துணை” என்று ஒரு வரி. சிங்கப்பூர் முழுக்கக் கேட்டது. தேக்கா மார்க்கெட்டில் கீரைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எதிர் அறைக்காரி குழாயடியில் வைத்துக் கேட்டாள்.

“என்னக்கா, இந்த வாரமும் உங்க பாட்டுதானா? மத்தியானத்துல ரொம்பத் தனியா இருக்கீங்க போல லா.”

சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்த வாரம் தையலுக்கு இரண்டு பிள்ளைகள்தான் வந்தார்கள். அடுத்த வாரம் யாருமில்லை. ஒரு பிள்ளையின் தாய் மட்டும் வந்து, பாதி தைத்திருந்த ரவிக்கைத் துணியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போனாள். அறைக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

பிறகு சங்கத் தலைவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தார். ஊருக்கு உபதேசம் செய்யும் முன் வீட்டைக் கவனிக்க வேண்டாமா என்று என் கணவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டார். நான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“நான் எழுதலங்க,” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தலைவரைப் பார்த்துச் சொன்னார்: “படிக்காத பொம்பளை. ஏதோ ஆசையில எழுதிட்டா. நான் கண்டிச்சு வைக்கிறேன்.” என் பக்கம் கையை மட்டும் காட்டி, “இந்தா, நீ உள்ள போ,” என்றார்.

எங்களுக்கு இருந்தது ஒரே அறை. உள்ளே எங்கே போவது? தையல் மிஷின் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் காப்பியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்கள்.

கட்டுரை நோட்டுகளை ஒழுங்காக அடுக்கி வைப்பது என் வேலை. நாலைந்து நாள் கழித்து அப்படி அடுக்கும்போது ஒரு நோட்டுக்குள்ளிருந்து இன்னும் தபாலில் சேர்க்காத அட்டை ஒன்று விழுந்தது. அவர் கையெழுத்து. என் பெயர். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, ‘இந்தா’தான். அட்டையில் என் பெயரை மட்டும் அச்சடித்த மாதிரி அழகாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே நான் எப்படி ஜன்னலோரம் நின்று அந்தக் குரலைக் கேட்கிறேன், கேட்டதும் எனக்கு என்ன ஆகிறது என்றெல்லாம் எழுதியிருந்தார். படிக்கப் படிக்க எனக்கு உடம்பு எரிந்தது. என்னிடம் உப்பு போதவில்லை என்பதற்கு மேல் நாலு வார்த்தை பேசாத மனுஷன்.

அவர் பள்ளி விட்டு வந்ததும் அட்டையை மேசைமேல் வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

“நான் வாத்தியாரு. என் பேர்ல எழுத முடியுமா?” என்றார்.

“அதுக்கு என் பேர்தான் கிடைச்சுதா?”

“நம்ம ஆளுங்க யாரும் அந்த நேரத்துல கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். அதான் துண்டறிக்கை கொடுத்தோமே.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷன் நிஜமாகவே நம்பியிருக்கிறார். அணைக்கச் சொல்லிக் காகிதம் கொடுத்த அத்தனை வீட்டிலும் அணைத்துவிடுவார்கள் என்று. காகிதம் கொடுத்தவரே பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு!

“தலைவர்கிட்ட போய்ச் சொல்லுங்க. குழாயடியில வந்து சொல்லுங்க,” என்றேன்.

“சொன்னா என் வேலை போயிடும். உனக்கென்ன, நாலு நாள்ல மறந்துடுவாங்க.”

யாரும் மறக்கவில்லை. தைக்க ஒரு பிள்ளையும் திரும்பி வரவில்லை. ‘டீச்சர்’ என்று என்னை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. அவரை மட்டும் தெருவெல்லாம் ‘சார், சார்’ என்று கூப்பிட்டார்கள். அவர் செய்ததில் நான் மன்னிக்காதது அட்டையை அல்ல. அந்த ‘நாலு நாள்’ என்ற பேச்சை.

அவர் அட்டை போடுவதை நிறுத்திவிட்டார். ஆனால் வேறு யாராவது கேட்டு அந்தப் பாட்டு அடிக்கடி வரும். வந்தால் நான் ஒலியைக் கூட்டி வைப்பேன். முதலில் அவரை வதைக்கத்தான் வைத்தேன். அவர் நோட்டுத் திருத்திக்கொண்டே இருப்பார், மேசைக்கடியில் கால் மட்டும் தாளம் போடும். “நிறுத்தட்டுமாங்க?” என்று கேட்பேன். கால் நின்றுவிடும். இப்படியே கேட்டுக் கேட்டு ஒருநாள் அந்த மூச்சு என் காதிலும் விழுந்தது. அவர் எழுதியது பொய்யில்லை. பாடப்போகும் முன் அவள் கொஞ்சம் பயப்படுகிறாள், பிறகு போனால் போகட்டும் என்று இறங்கிவிடுகிறாள். தையல் மிஷினில் என் காலும் அவள் வேகத்துக்கு மிதித்தது. இவ்வளவு நல்ல பாட்டை இப்படியா எனக்கு அறிமுகம் செய்ய வேண்டும் என்று நினைத்து அழுதிருக்கிறேன்.

ஒரு பத்திரிகையில் அந்தப் பாடகியின் படம் பார்த்தேன். வெள்ளைப் பருத்திச் சேலை, இரண்டு தோளையும் மூடியிருந்தாள், கண்ணில் தடித்த கண்ணாடி. ஆஸ்பத்திரியில் பெயர் பதிகிற அம்மாவைப் போல இருந்தாள். இசைத்தட்டின் உறையில் கதாநாயகன் படம்தான் இருக்கும். பாட்டுப் புத்தகத்தில் அவள் பெயரைக் கடைசியில் போடுவார்கள், சில புத்தகத்தில் அதுவும் இருக்காது. ஏச்சில் மட்டும் அவளுக்கு ஒரு பங்கு தவறாமல் கொடுத்தார்கள். அவள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

அறுபதுகளின் பாதியில், நாடு மலேசியாவிலிருந்து பிரிந்து தனியாகப் போன பிறகு, சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்ட ஆசை வந்தது. நிதிக்காக மதராஸிலிருந்து ஒரு இசைக் குழுவை வரவழைத்தார்கள். குழுவில் அவளும் இருந்தாள். பழைய தீர்மானத்தை யாரும் ரத்து செய்யவில்லை, அதை எடுத்துப் பார்க்கவும் ஆளில்லை. ஃபேரர் பார்க் பக்கத்து மண்டபத்தில் மாலை நிகழ்ச்சி. வரவேற்புரை என் கணவர். நான் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் எதிர் அறைக்காரியோடு உட்கார்ந்திருந்தேன்.

அவர் எழுந்து, ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டு, அவளைப் பார்த்துக் கைகூப்பிச் சொன்னார்: “அம்மையார் பாடத் தொடங்கும் முன் ஒரு மூச்சு இழுக்கிறாரே, முழுப் பாட்டும் அதற்குள் இருக்கிறது.” மண்டபமே கைதட்டியது. தலைவர் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். என் பெயரில் வந்தபோது அதே வரிக்கு எனக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

எதிர் அறைக்காரி என் தொடையைத் தட்டினாள். “அக்கா, இது அன்னைக்கு உங்க அட்டையில வந்ததுல்ல?”

மேடையில் பாடகி பாடத் தொடங்கினாள். அந்தக் கிளப் பாட்டையும் பாடினாள், கண்ணாடியோடு, அசையாமல் நின்றுகொண்டு. மூச்சு இழுத்தது கடைசி வரிசை வரை கேட்டது.

நிகழ்ச்சி முடிந்து சங்கத்துக் குடும்பங்களை எல்லாம் மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனார்கள். அவள் ஒரு குவளையில் வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைச் செயலாளரின் மனைவி என்று தலைவர் அறிமுகம் செய்தார். அவள் குவளையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

“சார் பேசினது மனசுல நிக்குதும்மா. இத்தனை வருஷத்துல அந்த மூச்சை யாரும் கவனிச்சுச் சொன்னதில்ல.”

“அது நான் எழுதினதும்மா,” என்றேன். “ரேடியோவுல என் பேர் சொல்லியே வாசிச்சாங்க. இவங்க எல்லாருக்கும் தெரியும்.”

எதிர் அறைக்காரி ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினாள். தலைவர் என் கணவரைப் பார்த்தார். அவர் ஜிப்பாவைச் சரிசெய்துகொண்டார். பாடகி என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கண்ணாடி என் விரலில் குளிர்ச்சியாகப் பட்டது. ஒரு நொடி கூச்சமாக இருந்தது, கையை இழுத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். இழுக்கவில்லை.

படியிறங்கும்போது அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: “அந்தம்மாகிட்ட போய்ப் பொய் சொல்லலாமா?”

நான் நின்றேன். பின்னால் சங்கமே இறங்கி வந்துகொண்டிருந்தது.

“எது பொய்யின்னு சத்தமா சொல்லுங்க,” என்றேன். “எல்லாரும் இங்கதான் இருக்காங்க.”

அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று இறங்கிப் போய் பஸ்ஸுக்கு நின்றார்.