மாட்டு டாக்டர் வூடு

அந்தப் பொம்பளை ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஒனக்குக் கும்புடு போட்டுட்டுப் போக நான் வரல. என் மாடு செத்துப்போச்சு. அதைச் சொல்லத்தான் இண்டூருலருந்து பஸ் ஏறி வந்தேன்."

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அப்போது நான் கால்நடை டாக்டர். எண்பதுகளின் நடுவில், கடனில் ஜெர்சி கலப்பு மாடு வாங்கிக் கட்டாத தெருவே அந்தப் பக்கம் இல்லை. அந்த மாடுகளுக்குக் கன்று பெரிதாக இருக்கும், ஈனும்போது சிக்கிக்கொள்ளும். அவளுடைய மாடும் காலையிலிருந்து முக்கியிருக்கிறது. கன்று குறுக்கே நின்றுவிட்டது. அவள் தம்பி தபாலாபீசுக்கு ஓடி எனக்குப் போன் போட்டிருக்கிறான்.

"டாக்டரம்மா கேம்ப் போயிருக்கு, ஆளை அனுப்புறோம்னீங்க. ஒன் ஆளு வந்தான். கயித்தைக் கட்டி எல்லாரையும் இழுங்கடான்னான். கன்னு பிஞ்சு வந்துச்சு. மாடு மறுநாளே போயிடுச்சு. நீ வந்திருந்தா என்ன?"

"எனக்கு ஆளே கிடையாதும்மா. அன்னிக்கு நான் கேம்பும் போகலை. இங்கதான் இருந்தேன்."

"அப்ப போன்ல பேசுனது பேயா?"

அவள் போய்விட்டாள். பொய்க்காரி என்று அவள் நினைத்ததில் அவமானம். அதைவிட, கன்றைத் திருப்பி விட்டிருந்தால் இரண்டுமே பிழைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உள்ளே கைவிட்டுத் தலையைப் பின்னால் தள்ளி, காலைப் பிடித்துத் திருப்பத் தெரியாத எவனோ என் பேரில் போய் அந்த மாட்டைக் கொன்றிருக்கிறான்.

வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே இருந்தது. போன் அடித்தால் என் மேஜைக்குக் கேட்கும். ஆனால் அது அடிப்பதே அபூர்வம். மாட்டுக்குப் பொம்பளை என்ன வைத்தியம் பார்ப்பாள் என்று ஜனங்கள் கூப்பிடுவதில்லை என்றே நான் நினைத்திருந்தேன். மாவட்டக் கூட்டங்களில் மற்ற டாக்டர்கள் சிரித்துக்கொண்டே அதைத்தான் சொல்வார்கள். சொல்லிச் சொல்லி என்னையே நம்ப வைத்திருந்தார்கள்.

முதலில் போன்தான் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டேன். ரிசீவரை எடுத்தேன். எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர் உடனே, "நம்பருங்க?" என்றார். எங்கள் ஊரில் எல்லாப் போனையும் அவர்தான் கையால் இணைத்துத் தரவேண்டும். தர்மபுரியில் வாத்தியாராக இருந்த என் கணவரின் பள்ளிக்கூடத்துக்குப் போடச் சொன்னேன். கிடைத்தது. "அங்கிருந்து நம்ம நம்பரைச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. ஆக, போவதும் சரி, வருவதும் சரி.

அப்படியும் மனம் ஒப்பவில்லை. லைன்மேனை வரவழைத்தேன். போனைத் திருகிக் கழற்றினார், ஊதினார், கம்பத்தில் ஏறி இறங்கினார். "லைன் கண்ணாடி மாதிரி இருக்குங்கம்மா. கூப்புடறவங்க கூப்புட்டாத்தானுங்களே வரும்?" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அவர் மேலேயும் கோபம் வந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிறகுதான் தோன்றியது. நாங்கள் எல்லோரும் நம்பரைச் சொல்லித்தானே சோதித்தோம்? அந்தப் பொம்பளையின் தம்பி என்ன சொல்லிக் கேட்டிருப்பான்?

ஞாயிற்றுக்கிழமை கணவரை வீட்டில் போன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு மொபெட்டில் இண்டூர் போனேன். தபாலாபீஸ் பூட்டியிருந்தது. ரைஸ்மில்லில் போன் இருந்தது, கேட்டதும் கொடுத்தார்கள். எங்கள் ஊர் எக்ஸ்சேஞ்ச் கிடைத்ததும், ஜனங்கள் பேசுகிற மாதிரியே, "மாட்டு டாக்டர் வூட்டுக்குப் போடுங்க" என்றேன்.

மணி அடித்தது. ஓர் ஆண் குரல் எடுத்தது. என் கணவருடையது அல்ல.

"சொல்லுங்க, டாக்டர் வூடுதான்."

"டாக்டரம்மா இருக்காங்களா?"

"அம்மா கேம்ப் போயிருக்குதுங்க. எந்த ஊரு? பசுவா, எருமையா?"

எத்தனை சாவகாசமாகக் கேட்டார்! காது கொதித்தது.

"நான்தான் டாக்டரம்மா பேசறேன்" என்றேன்.

எதிர்ப்பக்கம் சட்டென்று ரிசீவரை வைத்துவிட்டார். மறுபடி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு என் வீட்டு நம்பரைச் சொன்னேன். கணவர் எடுத்தார். "என்ன ஆச்சு? இங்க மணியே அடிக்கலையே" என்றார். நம்பர் சொன்னால் என் வீடு. பேர் சொன்னால் வேறு வீடு. அவ்வளவுதான் கோளாறு.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே கம்பவுண்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். எனக்கு முன்னால் இருந்த டாக்டர்கள் தர்மபுரியில் குடியிருந்து வந்துபோனவர்கள். அதனால் ஊருக்கு அவர்தான் மாட்டு டாக்டர். மகன் லாரி வைத்திருந்ததால் வீட்டில் போனும் இருந்தது.

நேரே எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன். ஆப்பரேட்டர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"மாட்டு டாக்டர் வூடுன்னு கேட்டா யாருக்குப் போடறீங்க?"

"நம்ம கம்பவுண்டர் ஐயா வூட்டுக்குத்தாங்க. ரொம்ப வருசமா அதுதானுங்களே பழக்கம்."

"டாக்டர் நான். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்னங்க? பொம்பளை டாக்டர்னு கேட்டா கண்டிப்பா உங்களுக்குத்தாங்க போடுவேன். ஆரும் அப்பிடிக் கேக்கறதில்லை. ஒருக்கா ஒருத்தர் கேட்டாரு, பிரசவ கேசாக்கும்னு பெரியாஸ்பத்திரிக்குப் போட்டுட்டேனுங்க."

அவர் கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே உதவி செய்கிற முகத்தோடு சொன்னார். அந்த முகத்தைப் பார்த்துக் கத்த மனசே வரவில்லை. அப்படியும் கத்தினேன். வெளியே தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அடுத்து கம்பவுண்டர் வீடு. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் அதை மடித்து வைத்தார். பதறவில்லை.

"வாங்கம்மா. உங்களுக்கு ஒத்தாசையாத்தான் போனேன். குழந்தைகுட்டியை வெச்சுக்கிட்டு நீங்க ஊர் ஊரா அலைய வேண்டாம்னுதான்."

"எனக்குக் குழந்தை இல்லை. நான் கேம்ப் போயிருக்கேன்னு ஏன் சொன்னீங்க?"

"வேற என்னம்மா சொல்றது? கேக்கறவனுக்கு ஒரு பதில் வேணுமில்ல?"

"இண்டூர்ல மாடு செத்துப்போச்சு. வாங்க, நீங்கதான் போனதுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லுங்க."

"மாடுன்னா சாகறதுதான்" என்று சொல்லி மறுபடி பேப்பரை விரித்தார். அந்தப் பேப்பரைப் பிடுங்கிக் கிழிக்காமல் எப்படித் திரும்பி வந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

தனியாகவே இண்டூருக்குப் போய் அந்தப் பொம்பளையிடம் நடந்ததைச் சொன்னேன். சாணி வழித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலேயே கேட்டாள். "அதெல்லாம் உங்களுக்குள்ள இருக்கற சமாச்சாரம். என் மாடு திரும்பி வருமா?" என்றாள். இந்தத் தடவை என்னைப் பொய்க்காரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மேலே எழுதிப் போட்டேன். டெலிபோன் அதிகாரி ஒருவர் வந்து, கொஞ்சம் அனுசரித்துப் போகும்படி எனக்குப் புத்தி சொல்லிவிட்டு, இனிமேல் நம்பர் சொன்னால் மட்டுமே இணைப்பு என்று ஆப்பரேட்டருக்கு உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அதில் இன்னொரு வினை வந்தது. அவசரத்துக்கு ஓடிவந்து "மாட்டு டாக்டர்" என்று கேட்டவனுக்கெல்லாம், "நம்பர் சொல்லு" என்று பதில். நம்பர் யாருக்குத் தெரியும்? கம்பவுண்டருக்கும் போன் போகவில்லை, எனக்கும் வரவில்லை. ஒரு சொல்லை ஒரு வீட்டிலிருந்து எடுத்து இன்னொரு வீட்டில் வைக்கச் சொன்னேன். அதை மட்டும் யாரும் செய்யவில்லை.

நானே கிளம்பினேன். பால் சொசைட்டி, ரைஸ்மில், தபாலாபீஸ் என்று சுவர் சுவராகக் கரிக்கட்டியால் என் நம்பரை எழுதினேன். பால் ஊற்ற வந்த பெண்களை வாய்விட்டுச் சொல்ல வைத்தேன். மழைக்கு அழிந்தால் மறுபடி போய் எழுதினேன். அதற்கப்புறம்தான் போன் அடித்தது. நிற்காமல் அடித்தது. பொம்பளை என்பதால் வேண்டாம் என்று ஒரு விவசாயிகூடச் சொல்லவில்லை. கன்று குறுக்கே கிடக்கும்போது யார் அதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள்?

பிறகு ஓசூர்ப் பக்கம் மாற்றல் ஆனேன். என் இடத்துக்கு ஓர் இளைஞர் வந்தார். பாதியில் விட்டுவந்த ஒரு கேசைப் பற்றிச் சொல்ல அவருக்கு ட்ரங்க் கால் போட்டேன். நான் இருந்தது வாடகை வீடு, அந்தப் போனும் என் பேரில் இருந்தது; அவர் எந்த வீட்டில் இருக்கிறார், நம்பர் என்ன, எதுவும் எனக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல், "புதுசா வந்திருக்கற மாட்டு டாக்டர்" என்று இழுத்தேன்.

"நம்ம டாக்டருங்களா? இருங்க, தர்றேன்" என்றார் அதே ஆப்பரேட்டர்.

நம்பர் கேட்கவில்லை. அந்த இளைஞர் வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அவர் போனை எடுத்து "ஹலோ, ஹலோ" என்று கத்துகிறார், எனக்கு வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கேஸ் விவரத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன்.