கருப்பட்டி மிட்டாய்க்குப் பார்த்த முகங்கள்

முதல் அறிகுறியை நான் பெருமை என்று நினைத்தேன். வண்ணார்பேட்டையில் பழுதான மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிச் சுருள் (காயில்) சுற்றித் தருவது என் தொழில். இரண்டரை வயது மகள் மதி கடைக்கு வந்தால், ஓடும் மோட்டாரின் விசிறியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "எஞ்சினியர் வந்தாச்சு வே" என்பார்கள் வாடிக்கையாளர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை என்பதை என் மனைவி செல்விதான் கண்டுபிடித்தாள்.

காதில் குறையில்லை. ஆட்டிசம் (பிறரோடு பழகும், பேசும் விதம் வேறாக அமையும் மூளை வளர்ச்சி நிலை) என்றார் மருத்துவர். பிறகு பயிற்சி மையத்தில் மதியை ஒரு திரைமுன் உட்காரவைத்தார்கள். ஒரு பாதியில் சிரிக்கும் குழந்தைகள், மறுபாதியில் சுழலும் வட்டங்கள். கண் எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கீழே ஒரு கேமரா குறித்துக்கொள்ளும் (கண்நோக்குப் பதிவு). மதியின் கண் வட்டங்களை விட்டு நகரவில்லை.

"இதை மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ண மாட்டோம். மூணு மாசம் கழிச்சு திரும்ப அளப்போம். பயிற்சியைத் தொடரவா, மாத்தவான்னு பாக்க இது ஒரு துணை" என்றார் பயிற்சி தரும் அம்மா.

எனக்கு அது மறுதேர்வு என்றுதான் கேட்டது. பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவன் நான். கைப்பேசியில் முகங்களாகச் சேர்த்துவைத்து, ஒரு முகம் பார்த்தால் ஒரு விள்ளல் கருப்பட்டி மிட்டாய் என்று தினமும் பழக்கினேன்.

"பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கியளா, காப்பியடிக்கப் பழக்குதியளா?" என்றாள் செல்வி.

இரண்டாம் அளவை வந்தது. மதி திரையில் ஒரு முகத்தைப் பார்த்தாள்; உடனே உள்ளங்கையை நீட்டினாள். அடுத்த முகத்துக்கும் அப்படியே.

"அண்ணாச்சி, பிள்ளை எதுக்குக் கையை நீட்டுதா?" என்று கேட்டார் பயிற்சி தரும் அம்மா.

சொல்லிவிட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டார். "நல்லாத்தான் படிக்க வச்சிருக்கீய. ஆனா இப்போ நான் அளந்தது உங்க மிட்டாயை. இதை நம்பிப் பயிற்சியை மாத்தினா நட்டம் யாருக்கு?"

கடையில் மின்தடை பார்க்கும் மீட்டரின் இரண்டு முனைகளையும் விரலால் பிடித்துக்கொண்டு அளந்தால், காயிலோடு நம் உடம்பையும் அது சேர்த்து அளந்துவிடும். இதற்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! என் பிள்ளையை அளக்கும்போது அதையேதான் செய்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். "அதுவரைக்கும் அவளை உங்க பக்கம் திருப்பாதீய. அவ எங்கன பாக்காளோ அங்கன நீங்க போங்க."

போனேன். அவள் பொம்மை வண்டியின் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தால் நானும் தரையில் படுத்து அதையே பார்த்தேன். "சுத்துது" என்பேன். சக்கரம் நின்றால் பேசாமல் காத்திருப்பேன். நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள், நின்ற சக்கரத்திலிருந்து அவள் கண் என் முகத்துக்கு ஏறியது.

மூன்றாம் அளவையிலும் வட்டங்களைத்தான் அதிகம் பார்த்தாள். ஆனால் முகங்களுக்கும் போய்ப் போய் வந்தாள். முதல்முறையைவிடத் தெளிவாகக் கூடுதல். "இது அவளோட கணக்கு. இதே பயிற்சி போதும்" என்றார் அந்த அம்மா.

உங்கள் பிள்ளைக்கும் இந்த அளவை வரலாம். தயார்படுத்தாதீர்கள். நன்றாகத் தூங்கவைத்து, வயிறு நிறைய ஊட்டிக் கூட்டிப்போங்கள், போதும்.

இப்போது என் முகம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில்தான் பாதி நாள் இருக்கிறது. முழங்கால் காய்த்துவிட்டது. நேற்று ஒருவர் வந்து, "கடையில ஆளே இல்லியா வே?" என்று குரல் கொடுத்தார். வேலை மேசைக்கு அடியில் என்னோடிருந்த மதி அந்தக் குரலின் பக்கம் திரும்பினாள். பிறகு, நானும் கேட்டேனா என்று பார்ப்பவள் போல, என்னைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

"இருக்கோம் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க" என்றேன்.