பத்தரை மணி நிழல்

அலிப்பூரில் ஓர் அலுவலகத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து வரைபடம் தயாரிப்பது என் வேலை. கணவருக்கு மாற்றலாகி வங்காளத் தலைநகரான இந்த ஊருக்கு வந்தவள், ஒப்பந்த வேலையாகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. வயல், குளம், வெள்ளம் என்று எதைக் கேட்டாலும் படத்தில் தேடி எல்லை போட்டுக் கொடுக்க வேண்டும்.

நாங்கள் அதிகம் நம்பியிருக்கும் செயற்கைக்கோள் துருவத்துக்குத் துருவம் பூமியைச் சுற்றுகிறது. சூரியனோடு ஒத்துப்போகும்படி அதன் பாதையை அமைத்திருக்கிறார்கள். சில நாட்களுக்கு ஒருமுறைதான் எங்கள் பக்கம் வரும், ஆனால் என்றைக்கு வந்தாலும் காலை பத்தரை மணி சுமாருக்குத்தான் வரும். இந்த வாரப் படத்தையும் போன வாரப் படத்தையும் ஒப்பிட வேண்டுமானால் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழ வேண்டும் அல்லவா, அதற்காக.

நியூ டவுனில் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் மாஷியிடம் இதை ஒருமுறை பெருமையாகச் சொன்னேன். மாஷி என்றால் வங்காளத்தில் சித்தி. அவர் என்னை பௌதி, அதாவது அண்ணி என்பார். என் அரைகுறை வங்காளத்தைப் பொறுத்துக்கொள்பவர்.

"அவ்ளோ மேலேர்ந்து எங்க ஊர் தெரியுமா பௌதி?"

"எல்லாம் தெரியும் மாஷி."

எல்லாம் என்று சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் படத்தில் ஒரு வீடு ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும்.

அவர் ஊர் சுந்தரவனத்தில், ஆறுகளுக்கு நடுவே ஒரு தீவின் மேற்கு முனை. ஒரே மகள் அங்கே இருந்தாள். அந்த வைகாசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மருமகன் சென்னையில் கட்டட வேலை. பேத்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாஷி லீவு கேட்ட வாரத்தில் புயல் வந்தது.

புயலடித்த மறுநாள் எங்கள் அடுக்ககத்தின் வாசலில் மூன்று மரங்கள் கிடந்தன. மாஷி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தார். மகளின் போன் அணைந்து கிடந்தது. ரயிலும் படகும் ஓடவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒரு கையால் போன் போட்டபடி இருந்தார்.

"உங்க மெஷின்ல பாத்துச் சொல்லுங்க பௌதி. வேற யார்கிட்ட கேப்பேன்?"

மூன்றாம் நாள்தான் மேகம் கொஞ்சம் விலகியது. அன்றைய படம் பிற்பகலில் எங்கள் கைக்கு வந்தது. நான் முதலில் அந்தத் தீவைத்தான் தேடினேன். கிழக்குக் கரை உடைந்து பழுப்பு நீர் வயல்களில் பரவியிருந்தது. மேற்கு முனை, மாஷியின் ஊர் இருக்க வேண்டிய இடம், கறுப்பாக இருந்தது. தேங்கிய தண்ணீர் படத்தில் அப்படித்தான் தெரியும். கணினியும் அதைத் தண்ணீர் என்றே நீலம் பூசிக் காட்டியது.

என்னால் அதற்குமேல் அதைப் பார்க்க முடியவில்லை. திரையை மூடிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் மாஷி போகாமல் காத்திருந்தார்.

"மேகமா இருக்கு மாஷி. ஒண்ணும் தெரியல" என்றேன்.

"சரி பௌதி" என்று மட்டும் சொன்னார். நான் காபி கலக்கும்வரை நின்றிருந்து, தன் டம்ளரை வாங்கிக் குடித்துக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் அந்தப் படத்தை மறுபடி திறந்தேன். மதியத்துக்குள் வரைபடம் மீட்புப் படகுகளை அனுப்புகிறவர்களுக்குப் போக வேண்டும். கறுப்பான அந்த இடத்தின் விளிம்பைக் கோடு போட்டுக்கொண்டே வந்தபோது அதன் வடிவம் உறுத்தியது. தண்ணீர் வரப்பிலும் மேட்டிலும் முட்டி நிற்கும். இது எதையும் மதிக்காமல், கடித்து வைத்த இட்லியைப் போல இருந்தது. கொஞ்சம் கிழக்கே பார்த்தேன். அங்கே ஒரு வெள்ளை மேகம், அதே கடித்த இட்லியாக நின்றது.

வைகாசியில் பத்தரை மணிக்கு இங்கே சூரியன் கிழக்கே உயரத்தில் இருக்கும். மேகத்தின் நிழல் மேற்கே சற்றுத் தள்ளி விழும். மேகத்தின் விளிம்பை வரைந்து அப்படியே மேற்கே நகர்த்தினேன். கறுப்பின் மேல் அச்சாகப் பொருந்தியது. பக்கத்திலிருந்த நான்கு மேகங்களையும் சோதித்தேன். ஒவ்வொன்றின் நிழலும் அதே திசையில், ஏறக்குறைய அதே தூரத்தில் கிடந்தது.

பக்கத்து மேஜையில் இருந்த மூத்தவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த ஊர் வழக்கப்படி அவரை தாதா, அதாவது அண்ணன் என்போம்.

"நிழல்தான்" என்றார். "மெஷின் இதுல ஏமாறும். நீ எப்படிம்மா ஏமாந்தே?"

"எனக்குத் தெரிஞ்சவங்க ஊர் தாதா அது."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேருமாக மற்ற நிழல்களையும் நீக்கினோம். கிழக்குக் கரை உடைப்பின் பக்கத்தில் மேகமே இல்லை. அது தண்ணீர்தான். அதை மட்டும் முதலிடத்தில் குறித்து அனுப்பிய பிறகு மாஷிக்குப் போன் செய்தேன்.

"மாஷி, உங்க ஊருக்குள்ள தண்ணி வரல."

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நேத்து மேகம்னீங்களே?"

"நேத்து கறுப்பா தெரிஞ்சுது. தண்ணின்னு நெனச்சுட்டேன். சொல்ல தைரியம் வரல."

"தெரியும் பௌதி. காபியில ரெண்டு தடவ சர்க்கரை போட்டீங்க." பிறகு மெதுவாகக் கேட்டார். "கூரை இருக்கா?"

"அது தெரியாது மாஷி. தண்ணி இல்ல, அவ்ளோதான் தெரியும்."

தண்ணீர் இல்லை என்பது நிம்மதிதான். ஆனால் மூன்று வாரக் குழந்தை எங்கே, யார் கையில் இருக்கிறது என்பதை எந்தப் படமும் சொல்லாது. அன்று வேலை ஓடவில்லை. சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மாஷி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டவர் கத்தியைக் கீழே வைத்தார். நீங்களே கேளுங்கள் என்று போனை என்னிடம் நீட்டினார்.

"அக்கா, நான் மருமவன் பேசறேன். சென்னைலேர்ந்து." சித்தாள்களோடு நான்கு வருடம் பழகி வந்த தமிழ். "வீட்டுக்காரி இப்பதான் பேசினா அக்கா. பக்கத்து ஊருக்கு நடந்து போனா, அங்க டவர் கிடைச்சுதாம். கூரை போச்சு. எல்லாம் ஸ்கூல்ல இருக்காங்க. கரை நிக்குது, தண்ணி வரல. பாப்பா நல்லா பால் குடிக்குது அக்கா."

"நல்லது தம்பி" என்றேன்.

மாஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, இத்தனை நேரம் ஏன் கூப்பிடவில்லை என்று மருமகனைத் திட்ட ஆரம்பித்தார். திட்டி முடித்ததும் பசிக்கிறது என்றார். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. இருந்த தயிர் சாதத்தைப் போட்டுக் கொடுத்தேன். "மீனே இல்லாம எப்படித்தான் சாப்பிடறீங்களோ" என்று சொல்லியபடி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ரயில் ஓடத் தொடங்கியதும் தார்ப்பாய் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். கிழக்குக் கரையில் தண்ணீர் வடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. புதுப் படம் வரும்போதெல்லாம் அந்தப் பழுப்பு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று அளந்து அனுப்பினேன். அதற்கு முன்னால், யாரும் கேட்காமலே, மேற்கு முனையை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். அங்கே பச்சையாகத்தான் இருந்தது.