மூன்று விரல் சந்தனம்

இன்று தஞ்சாவூரில், காருக்குப் பாலிஷ் போடும் கடையில்...

ஒரத்தநாட்டிலிருந்து காரை நானே ஓட்டிக்கொண்டு போனேன். (பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். ஒரு மணி நெல்லைக்கூட மிதிக்கவில்லை. பாராட்டலாம்.)

கறுப்பு கார். கத்தாரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் செகண்ட் ஹேண்டில் ஆசை ஆசையாக வாங்கியது. வாங்கிய கையோடு லீவு முடிந்துவிட்டது. அவர் ஓட்டியதைவிட நான் ஓட்டியதுதான் அதிகம்.

அடுத்த மாதம் வருகிறார். அதற்குள் காரைப் பளபளவென்று ஆக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு.

காரணம் இருக்கிறது. சுற்றிலும் வயல். அறுவடை மிஷின் கிளப்பும் தூசி முழுக்க எங்கள் கார்மேல்தான் வந்து உட்காரும். அதை என் மாமியார் தினமும் காய்ந்த வேட்டித் துணியால் பாசமாகத் துடைத்திருக்கிறார். (மகன் வாங்கிய காராயிற்றே.) வெயிலில் நிறுத்திப் பார்த்தால் வட்ட வட்டமாக ஒரே கீறல்.

கடைக்காரர் பாஸ்கர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அக்கா, இது சாஃப்ட் பெயிண்ட். அழுத்தித் தேய்ச்சா பழைய கீறல் போயி புதுக் கீறல் வந்துடும். மெத்துன்னு ஒரு பேடு, நைஸான பாலிஷ், மிஷினை அமுக்காம மெதுவா ஓட்டணும். நேரமாகும், பரவாயில்லையா?"

"ஆகட்டும் தம்பி. ஒன்றரை வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன், இது என்ன."

அவர் ஒருமாதிரி பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். முதலில் கதவோரம் கையகல இடத்தில் போட்டுக் காட்டினார். அதில் என் முகம் தெரிந்தது. கொஞ்சம் இளைத்துத்தான் இருந்தேன்.

கடைசியாக பானெட்டுக்கு வந்தார்.

"இது என்னக்கா, மூணு கோடு?"

அது சந்தனம். போன தடவை என் வீட்டுக்காரர் வந்தபோது, ஆயுத பூஜையன்று காரைக் கழுவி, மூன்று விரலால் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். மறுநாள் ஃப்ளைட் ஏறிவிட்டார். அவர் கை பட்ட சந்தனம் என்று நான் யாரையும் அதைத் தொட விடவில்லை. வெயிலில் நன்றாகக் காய்ந்துபோனது. பிறகு ஒருநாள் கழுவினால் சந்தனம் போய்விட்டது, மூன்று விரல் தடம் மட்டும் பெயிண்ட்டில் அப்படியே நின்றுவிட்டது.

"எடுத்துடலாமாக்கா?"

"எடுத்துடுங்க தம்பி. ஆளே வர்றப்ப அடையாளம் எதுக்கு?"

மிஷின் ஓட ஆரம்பித்தது. நான் வெளியே வந்து நின்றேன். அப்போதுதான் அவரிடமிருந்து போன்.

"மீனா, கோவிச்சுக்காத. லீவு கேன்சல் பண்ணிட்டாங்க. எனக்குப் பதிலா வர வேண்டிய ஆளு வரல. இனிமே தீபாவளிக்குத்தான் பாக்கணும்."

"சரிங்க. சாப்ட்டீங்களா?"

போனை வைத்துவிட்டேன். அவரைப் பார்க்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

திடீரென்று பானெட் ஞாபகம் வந்தது. உள்ளே ஓடினேன்.

"தம்பி, நிறுத்துங்க, நிறுத்துங்க."

மிஷினை நிறுத்தினார். துணியால் மெதுவாக ஒற்றி எடுத்துக் காட்டினார். இரண்டு விரல் போயிருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு விரல், லேசாக.

"பயப்படாதீங்கக்கா, இன்னும் ஒரு தடவை ஓட்டுனா இதுவும் போயிடும்."

"வேணாம். அது இருக்கட்டும்."

"கார் ஃபுல்லா கண்ணாடி மாதிரி இருக்கு. இது ஒண்ணு மட்டும் இருந்தா ஓனர் வந்து கேக்க மாட்டாரா?"

"வந்து கேக்கட்டும் தம்பி. அதுக்குத்தான் விடச் சொல்றேன்."